வீட்டிலேயே டிரான்ஸ்பரன்ட் லேபிள் அடிக்க: ஷீட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் பொடி, ஊறுகாய், மரச்செக்கு எண்ணெய், சோப்பு என்று ஏதாவது செய்து விற்க ஆரம்பித்தவர்களுக்குக் கொஞ்ச நாளில் வருகிற அடுத்த ஆசை டிரான்ஸ்பரன்ட் லேபிள். வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டில் வீட்டுச் சரக்கு என்று காட்டிக்கொடுக்கும், கிளியர் ஸ்டிக்கர் ஒட்டினால் எழுத்தைப் பாட்டில் மேலேயே அச்சடித்தது போல் பெரிய கம்பெனி லுக் வரும், அதுதான் காரணம். ஆசை நியாயமானதுதான். ஆனால் ஆன்லைனில் தேடினால் ஒரே மாதிரி படம் போட்ட நூறு பாக்கெட் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் "வாட்டர்ப்ரூஃப்", "ஹை குவாலிட்டி" என்று எழுதியிருக்கும். எதை எடுப்பது என்று புரியாமல் ஸ்டார் எண்ணிக்கையைப் பார்த்து ஒன்றை ஆர்டர் போடுவோம். அந்த வரிசையே தப்பு. முதலில் உங்கள் பிரின்டர், அப்புறம் பாட்டிலும் அதற்குள் இருக்கும் சரக்கும், கடைசியில்தான் ஷீட். முதல் இரண்டையும் பார்த்துவிட்டால் நூறு பாக்கெட்டில் தொண்ணூறு தானாகவே கழிந்துவிடும்.

முதலில் பிரின்டர்

உங்களிடம் இருப்பது இங்க்ஜெட்டா லேசரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கவாட்டிலோ முன்னாலோ கலர் கலராக மை ஊற்றும் டேங்க் தெரிந்தால் (எப்சன் இகோடேங்க், கேனன் பிக்ஸ்மா ஜி வரிசை, ஹெச்பி ஸ்மார்ட் டேங்க் எல்லாம் இந்த ரகம்) அது இங்க்ஜெட். மைக்குப் பதில் பவுடர் டோனர் போடுவதும், தாள் சூடாக வெளியே வருவதும் லேசர். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள், ஷீட்டைத் தப்பாக வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

லேசர் பிரின்டருக்குள் டோனர் பவுடரை உருக்கித் தாளோடு ஒட்டவைக்க ஒரு சூடான ரோலர் இருக்கிறது, ஃபியூசர் என்பார்கள். அதன் சூடு ஏறக்குறைய 200 டிகிரி வரை போகும். பிவிசி எனப்படும் வினைல் ஷீட் அதில் பாதிச் சூட்டிலேயே இளகிவிடும். இங்க்ஜெட்டுக்கென்று விற்கிற வினைல் ஷீட்டை லேசரில் விட்டால் அது ரோலரைச் சுற்றிக்கொண்டு உருகும், பசையும் ஓரத்தில் கசியும். அப்புறம் சர்வீஸ்காரர் ஃபியூசரையே மாற்றச் சொல்வார், பழைய மாடல் என்றால் அந்தச் செலவுக்குப் புது பிரின்டரே வாங்கலாமா என்று யோசிக்க வேண்டிவரும். ஆகவே லேசருக்குப் பாலியஸ்டர் ஷீட் மட்டும், அதிலும் பாக்கெட்டில் "லேசர்" என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் மட்டும்.

இங்க்ஜெட்காரர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர். மை தண்ணீராக வந்து விழுகிறது, பிளாஸ்டிக் அதை உறிஞ்சாது. அதனால் இங்க்ஜெட் ஷீட்டின் மேல் மையைப் பிடித்து வைக்கிற மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்திருப்பார்கள். லேசர் ஷீட்டை இங்க்ஜெட்டில் விட்டால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் மை தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாக நிற்கும், விரல் பட்டால் மொத்தமும் வழிந்துவிடும். பூச்சு எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஷீட்டின் மூலையில் ஈர விரலை வைத்துப் பாருங்கள், லேசாகப் பிசுபிசுத்தாலோ ஈரத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டாலோ அதுதான் அச்சடிக்கும் பக்கம்.

"இங்க்ஜெட், லேசர் இரண்டுக்கும்" என்று போட்டு விற்கிற ஷீட்டும் உண்டு. பூச்சு கொடுத்த பாலியஸ்டரில் அது சாத்தியம்தான். ஆனால் அதே விளம்பரத்தில் "வினைல்" என்றும் எழுதியிருந்தால், லேசர் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வெள்ளை மை கிடையாது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். வீட்டுப் பிரின்டரில் வெள்ளை மை இல்லை. டிசைனில் எங்கெல்லாம் வெள்ளை இருக்கிறதோ அங்கெல்லாம் பிரின்டர் ஒன்றும் அடிக்காமல் விட்டுவிடும், தாளின் வெள்ளைதான் நமக்கு வெள்ளையாகத் தெரியும். கிளியர் ஷீட்டில் தாளே இல்லை. அதனால் வெள்ளை லோகோ வெறும் ஓட்டையாகிவிடும், அதன் வழியாக உள்ளே இருக்கிற சரக்குதான் தெரியும்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத இன்னொன்று: மற்ற நிறங்களும் முழுசாக மறைக்கிற நிறங்கள் இல்லை. பெயின்ட் மாதிரி பின்னால் இருப்பதை மூடாது, வெளிச்சத்தை உள்ளே விடும். மிளகாய்ப் பொடி டப்பாவில் பச்சை எழுத்து அடித்து ஒட்டினால் அது பச்சையாகத் தெரியாது, அழுக்குக் கறுப்பாகத் தெரியும். மஞ்சள், வெளிர் நீலம், ரோஸ் எல்லாம் இருந்த இடம் தெரியாமல் போகும். கறுப்பும் அடர் நிறங்களும்தான் ஓரளவு நிற்கும், அதுவும் பின்னணி வெளுப்பாக இருந்தால்.

கம்ப்யூட்டர் திரையில் இது எதுவுமே தெரியாது, அங்கே பின்னணி எப்போதும் வெள்ளை. ஷீட் வாங்கும் முன் காசில்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அகலமான செலோ டேப் ஒரு துண்டு எடுத்து, அதன் மேல் பர்மனன்ட் மார்க்கரால் கறுப்பு, பச்சை, சிவப்பு என்று இருக்கிற நிறங்களில் எல்லாம் உங்கள் பிராண்ட் பெயரை எழுதி, சரக்கு நிரப்பிய பாட்டிலில் ஒட்டுங்கள். கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் கடை ஷெல்ஃபில் இருக்கிற தூரத்தில் வைத்துப் பாருங்கள். எது படிக்க முடிகிறதோ அந்த நிறத்தில் மட்டும் டிசைன் செய்யுங்கள்.

தேங்காய் எண்ணெய், தேன், கல் உப்பு, வெளிர் நிற சோப்பு, அரிசி மாவு, ரோஸ் வாட்டர் இதற்கெல்லாம் கிளியர் லேபிள் நன்றாக எடுக்கும். எள் பொடி, புளிக்காய்ச்சல், கருவேப்பிலைத் தொக்கு, பிரவுன் நிற மருந்து பாட்டிலில் வரும் ஹேர் ஆயில் இவற்றுக்கு வேண்டாம், வெள்ளை ஸ்டிக்கருக்கே போய்விடுங்கள். தேங்காய் எண்ணெயில் ஒரு வேடிக்கை உண்டு. மார்கழிக் குளிரில் உறைந்து வெள்ளையானதும் எழுத்து பளிச்சென்று எடுத்துக் கொடுக்கும். சித்திரையில் உருகித் தெளிந்ததும் பாட்டிலின் பின்பக்கம் ஒட்டிய லேபிளின் முதுகு முன்பக்கமாகத் தெரிய ஆரம்பிக்கும். எண்ணெய்க்காரர்கள் பின் லேபிளை முன் லேபிளுக்கு நேர் பின்னால் ஒட்டாமல் சற்று ஓரம் தள்ளி ஒட்டுவது நல்லது.

உணவுப் பொருள் என்றால் இதில் சட்டமும் வந்து சேர்கிறது. சைவக் குறி, அதாவது பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம், பொருளின் பெயருக்கோ பிராண்ட் பெயருக்கோ பக்கத்தில், நிறம் எடுத்துத் தெரிகிற பின்னணியில் இருக்க வேண்டும் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி. பருப்புப் பொடி டப்பாவின் மேல் நேரடியாக ஒட்டிய கிளியர் ஸ்டிக்கரில் அந்தப் பச்சை பச்சையாக நிற்காது. அதேபோல 14 இலக்க லைசென்ஸ் எண், எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி எல்லாம் சிரமமில்லாமல் படிக்க வேண்டியவை. இதற்குச் சுலபமான வழி, முதலில் பாட்டிலில் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, அந்த இடத்துக்கு மேல் சைவக் குறி வருகிற மாதிரி கிளியர் லேபிளை ஒட்டுவது. பொடி எழுத்து விவரங்களைத் தனி வெள்ளை லேபிளில் அடித்துவிடுங்கள். க்யூஆர் கோடு, பார்கோடு இருந்தால் அதுவும் வெள்ளையில்தான். கரும் பின்னணியில் ஸ்கேன் ஆகாமல் கடைக்காரர் எரிச்சல்படுவார்.

"வாட்டர்ப்ரூஃப்" என்றால் எது?

ஷீட் வாட்டர்ப்ரூஃப். மை அப்படி என்று யாரும் சொல்லவில்லை! பிளாஸ்டிக் தண்ணீரில் நனையாதது ஒரு பெரிய விஷயமே இல்லை, அதன் மேல் இருக்கிற மை கரையுமா என்பதுதான் கேள்வி.

மையில் டை, பிக்மென்ட் என்று இரண்டு வகை. டை என்பது தண்ணீரில் முழுசாகக் கரைந்த சாயம், ஈரம் பட்டால் திரும்பவும் ஓடும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்ணிய துகள்களாக மிதக்கும், காய்ந்த பின் தண்ணீருக்கும் வெயிலுக்கும் கூடுதலாகத் தாங்கும். வீட்டு டேங்க் பிரின்டர்களில் கலர் மை பெரும்பாலும் டைதான். கேனன் ஜி வரிசை போன்ற சிலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட்.

ஷீட்டின் பூச்சிலும் இரண்டு வகை இருக்கிறது, விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வகை மையை வாங்கி உப்பி உள்ளே வைத்துக்கொள்ளும். பார்க்க நல்ல தெளிவாக இருக்கும், ஆனால் மெதுவாகக் காயும், ஈரம் பட்டால் குழையும். இன்னொரு வகையில் நுண்துளைகள் இருக்கும். மை உடனே காய்ந்துவிடும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும், ஆனால் ஷீட்டில் லேசான பால் போன்ற மங்கல் தெரியும். அதாவது துளிகூட மங்கல் இல்லாத தெளிவும், உடனே காய்கிற குணமும் ஒரே இங்க்ஜெட் ஷீட்டில் சேர்ந்து கிடைப்பது அரிது. இரண்டும் உண்டு என்று விளம்பரம் சொன்னால் ஷீட் வந்ததும் முதலில் அதைத்தான் சோதிக்க வேண்டும். என் கருத்து, பாட்டிலில் ஒட்டிய பிறகு அந்த மங்கல் பெரிதாகக் கண்ணை உறுத்தாது, அதனால் நுண்துளை வகைக்கே போகலாம்.

எந்த வகை வாங்கினாலும், டை மையில் அடித்தது என்றால் மேலே பாதுகாப்பு வேண்டும். கோல்ட் லேமினேஷன் ஃபிலிம் (சூடு தேவைப்படாதது, ஸ்டிக்கர் மாதிரியே உரித்து ஒட்டுவது) கிடைக்கிறது, லேபிளை வெட்டும் முன் முழு ஷீட்டின் மேலும் ஒட்டிவிடலாம். மை நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும், முடிந்தால் ஒரு நாள் விட்டு. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் பிறகு எழுத்தின் ஓரம் கசிந்து மங்கும். வார்னிஷ் ஸ்பிரேயும் சிலர் அடிக்கிறார்கள். குளியலறைச் சரக்குக்கு அதை நம்பி நான் இறங்க மாட்டேன். லேசரில் அடித்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, டோனர் என்பதே உருகிய பிளாஸ்டிக், தண்ணீரில் கரையாது. நகத்தால் கீறினால் உரியுமே தவிர நனைந்து ஓடாது.

எண்ணெய் பாட்டிலுக்குக் கொஞ்சம் தனிக் கவனம் வேண்டும். மூடி வழியாக வழிகிற எண்ணெய் லேபிளின் மேல் ஓரத்தில் போய் நிற்கும், அங்கிருந்து மெதுவாகப் பசைக்குள் இறங்கும். லேபிளைக் கழுத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பசையும் பாட்டிலும்

பர்மனன்ட், ரிமூவபிள் என்று இரண்டு பசை. விற்கிற சரக்குக்குப் பர்மனன்ட். வீட்டுச் சமையலறை டப்பாக்களில் பெயர் ஒட்ட, மாற்றி மாற்றி ஒட்டுவதற்கு ரிமூவபிள்.

கண்ணாடியிலும், தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கிலும் பசை நன்றாகப் பிடிக்கும். ஷாம்பூ பாட்டில் மாதிரி வழவழவென்று சற்று மெழுகுத் தன்மையோடு இருக்கிற பாலித்தீன் பாட்டிலிலும், பிபி எனப்படும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவிலும் அவ்வளவாகப் பிடிக்காது, ஓரம் ஓரமாகக் கிளம்பும். எந்த பிளாஸ்டிக் என்று பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கிற எண் சொல்லும்: 1 என்றால் பெட், 2, 4 பாலித்தீன், 5 பிபி. 2, 4, 5 வந்தால் ஷீட்டை மொத்தமாக வாங்கும் முன் அந்தப் பாட்டிலில் ஒரு லேபிளை ஒட்டி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

பாலியஸ்டர் ஃபிலிம் விறைப்பானது, வினைல் வளைந்து கொடுக்கும். பெரிய நேரான பாட்டிலுக்கு எதுவும் சரி. ரோல்-ஆன் மாதிரி ஒல்லிப் பாட்டிலில் விறைப்பான ஃபிலிம் நேராக நிமிரப் பார்க்கும், இரண்டு ஓரமும் கிளம்பிவிடும். அமுக்கிப் பிழிகிற பாட்டிலுக்கும் வினைல்தான். மேலே அகலம் கீழே குறுகல் என்று இருக்கிற பாட்டிலுக்குச் செவ்வக லேபிள் எந்த ஷீட்டில் அடித்தாலும் சுருக்கம் விழும். லேபிளின் உயரத்தைக் குறையுங்கள், இல்லை பாட்டிலை மாற்றுங்கள்.

ஷீட் சைஸ், கணக்கு

நம் ஊரில் ஏ4தான், 210 மில்லிமீட்டருக்கு 297. ஆன்லைனில் சில பாக்கெட் அமெரிக்க லெட்டர் சைஸில் வரும், அது 216க்கு 279, அகலம் கூட, உயரம் குறைவு. டிசைனை ஏ4க்குச் செய்துவிட்டு அதில் அடித்தால் கீழ் வரிசை வெட்டுப்படும்.

வெட்டு போட்டே வரும் ஷீட் வாங்குவதா, முழு ஷீட் வாங்கி நாமே வெட்டுவதா? ஆரம்பத்தில் முழு ஷீட். பிரின்டர் தாளை இழுக்கும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரும், வெட்டு போட்ட ஷீட்டில் அந்த நகர்வு அப்படியே லேபிளின் ஓரத்தில் தெரியும். தவிர பாட்டில் சைஸே இன்னும் முடிவாகாத நேரத்தில் லேபிள் சைஸை ஏன் பூட்டிக்கொள்ள வேண்டும்?

50க்கு 70 மில்லிமீட்டர் லேபிள் என்று வைத்துக்கொண்டால் ஏ4ல் குறுக்கே 4, நெடுக்கே 4, மொத்தம் 16 வரும், ஓரத்தில் பிரின்டர் விடுகிற இடமும் போதும். ஒரு லேபிளின் விலை என்ன என்று பார்க்க ஷீட் விலையை 16ஆல் வகுத்தால் மட்டும் போதாது. லேமினேஷன் ஃபிலிம், மை, சோதனையில் வீணாகும் ஷீட் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். 100 ரூபாய் பொடிக்கு லேபிளே 5 ரூபாய் தின்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

முதல் பாக்கெட்டை 5 அல்லது 10 ஷீட்டுக்கு மேல் வாங்காதீர்கள். சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் பேப்பர் கடைகளில் கையால் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். எந்த ஊரிலும் கம்ப்யூட்டர் ஸ்டேஷனரிக் கடையில் பிரின்டர் மாடலைச் சொல்லிக் கேளுங்கள், மாடலைக் கேட்காமலேயே "எல்லாத்துக்கும் போகும்" என்று எடுத்து நீட்டினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அச்சடிப்பது

1. டிசைனை பிடிஎஃப் ஆக்கி, முதலில் சாதா தாளில் அடியுங்கள். பிரின்ட் விண்டோவில் "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் இருக்க வேண்டும், "ஃபிட்" என்பது தேர்வாகி இருந்தால் லேபிள் ஓசையில்லாமல் சிறுத்துவிடும். அந்தத் தாளை வெட்டிப் பாட்டிலில் சுற்றி அளவு பாருங்கள்.

2. தமிழ் எழுத்தை மெல்லிய ஃபான்ட்டில் வைக்காதீர்கள். கிளியர் ஷீட்டில் மெல்லிய கோடு காணாமல் போகும். ரொம்பத் தடித்தால் ண, ஞ, னை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 8 பாயின்ட்டுக்குக் கீழே போனால் இரண்டுமே நடக்கும்.

3. ஷீட்டை ஒவ்வொன்றாக விடுங்கள். பின்பக்கம் செங்குத்தாகத் தாள் வைக்கிற பிரின்டர் என்றால் நல்லது, ஷீட் அதிகம் வளையாமல் போகும். முன் டிரேயிலிருந்து உள்ளே போய் யு போட்டுத் திரும்பி வருகிற மாடல்களில் தடித்த ஷீட் சிக்கும், பின்வழி ஏதாவது இருந்தால் அதைத் திறந்து பயன்படுத்துங்கள். உரிக்கும் தாளும் சேர்ந்து கண்ணாடியாக இருக்கிற ஷீட்டைச் சில பிரின்டர்கள் "பேப்பர் இல்லை" என்று சொல்லித் திருப்பிவிடும். வெள்ளைத் தாள் முதுகுள்ள ஷீட் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

4. பேப்பர் டைப் செட்டிங்தான் பலரும் தொடாமல் விடுகிற இடம். லேசரில் "லேபிள்ஸ்" அல்லது "டிரான்ஸ்பரன்சி" என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்க்ஜெட்டில் "போட்டோ பேப்பர் கிளாஸி", "மேட்" இரண்டிலும் ஒரே ஷீட்டின் இரண்டு மூலைகளில் சின்னதாக அடித்துப் பாருங்கள். காரணம் இருக்கிறது. கறுப்பு பிக்மென்ட்டும் கலர் டையுமாக இருக்கிற பிரின்டரில் "பிளெயின் பேப்பர்" என்று விட்டால் அந்த பிக்மென்ட் கறுப்பு பளபளப்பான பூச்சின் மேலேயே நின்றுவிடும், மணிக்கணக்கில் ஆனாலும் விரலில் வரும். "போட்டோ பேப்பர்" என்று சொன்னால் பிரின்டர் கலர் மைகளைக் கலந்து கறுப்பு செய்துகொள்ளும், அது உள்ளே இறங்கிக் காயும், ஆனால் டை என்பதால் தண்ணீருக்கு லேமினேஷன் கட்டாயம் ஆகிவிடும்.

5. வந்த ஷீட்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள். ஃபேனுக்கு நேர் கீழும் வேண்டாம், தூசி ஒட்டும், கிளியர் ஷீட்டில் ஒவ்வொரு தூசியும் தெரியும்.

6. காய்ந்த பின் ஒரு துண்டை வெட்டிப் பாட்டிலில் ஒட்டி, குழாயடியில் காட்டி, கட்டை விரலால் தேயுங்கள். பிரிட்ஜில் வைக்கிற சரக்கு என்றால் ஒரு இரவு பிரிட்ஜில் வைத்து வெளியே எடுத்து, வியர்த்த பிறகு தேய்த்துப் பாருங்கள். தேறினால் மீதியை அடிக்கலாம்.

வெட்டுவது, ஒட்டுவது

கத்தரிக்கோலைவிட ஸ்டீல் ஸ்கேலும் கட்டர் கத்தியும் சுத்தமாக வெட்டும், பிளேடு புதிதாக இருக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், கூர் மூலைதான் முதலில் கிளம்பும். ஐடி கார்டு லேமினேஷன் கடைகளில் வைத்திருக்கிற மூலை வெட்டும் பஞ்ச் ஆன்லைனிலும் கிடைக்கிறது.

பாட்டிலைக் கழுவி, காயவைத்து, சானிடைசர் தொட்ட துணியால் ஒரு முறை துடையுங்கள். எண்ணெய்க் கை ரேகை இருந்தால் வெள்ளை ஸ்டிக்கரில் மறைந்துவிடும், இதில் காலத்துக்கும் தெரியும். சரக்கைச் சூடாக நிரப்புகிறவர்கள் ஆறிய பிறகு ஒட்டுங்கள். லேபிளை முழுசாக உரித்துக் கையில் தொங்கவிடாமல், மேல் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் உரித்து, நேர் பார்த்து ஒட்டி, பிறகு முதுகுத் தாளைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே பழைய ஏடிஎம் கார்டைத் துணியில் சுற்றி அதனால் நீவிக்கொண்டு வாருங்கள். பசை முழுப் பிடிமானத்துக்கு வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், ஒட்டியவுடன் பெட்டியில் அடுக்கி பஸ்ஸில் ஏற்றாதீர்கள்.

மிச்ச ஷீட்டை அது வந்த கவரிலேயே போட்டு மூடி, தட்டையாகப் படுக்கவைத்து வையுங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்தால் முதுகுத் தாள் ஈரம் குடித்துச் சுருளும், சுருண்ட ஷீட்டைப் பிரின்டர் இழுக்காது.

கேட்பவர்கள் கூடி, மாதம் சில நூறு லேபிள் தேவைப்படும் கட்டம் வந்தால் வீட்டுப் பிரின்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். டிஜிட்டல் பிரின்ட் கடைகளில் 12க்கு 18 அங்குல கிளியர் ஸ்டிக்கர் ஷீட்டில் லேசர் தரத்தில் அடித்து, கேட்டால் வெட்டியும் கொடுப்பார்கள். அங்கே போகும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வெள்ளை மை அடிப்பீர்களா என்பது. உண்டு என்று சொல்கிற கடை கிடைத்துவிட்டால், மேலே வேண்டாம் என்று தள்ளிய கருவேப்பிலைத் தொக்குக்கும் பிரவுன் பாட்டிலுக்கும் கூட கிளியர் லேபிள் போடலாம். டிசைன் ஃபைலில் வெள்ளை வரவேண்டிய பகுதியைத் தனி லேயராக வைத்துக் கொண்டுபோங்கள்.